கோப்பின் மேல் இருந்த பெயர்

அனுசுயாவிடம் ஒரு செய்தியைச் சொன்னால் முதலில் அவள் கேட்பது, "யாரு சொன்னா?" என்பதுதான். சொன்னவர் பெயரைச் சொன்னால், "அவருக்கு யாரு சொன்னா?" என்பாள். பேருந்தின் பலகையைப் படித்த பிறகும் நடத்துநரிடம் ஒரு தடவை, பக்கத்து இருக்கைக்காரரிடம் ஒரு தடவை கேட்டுவிட்டுத்தான் உட்காருவாள். அவள் கணவன் முனீஸ், கம்பெனி வேன் ஓட்டுகிறவன், "கல்யாணத்தன்னைக்கே தாலிய உரசிப் பாத்தவ" என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பான். அது பொய். ஆனால் அவள் மறுத்ததில்லை. உரசிப் பார்த்திருந்தாலும் தப்பில்லை என்றே அவளுக்குத் தோன்றும்.

இந்தக் குணம் கூடவே பிறந்ததா, திருப்பூரில் வந்து ஒட்டிக்கொண்டதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. தொண்ணூற்று மூன்றில், பதினாறு வயதில், அப்பா வீரணனோடும் அம்மா ஒச்சம்மாளோடும் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தாள். ஒரு பனியன் கம்பெனியில் கைமடி வேலை. தைத்து வரும் துண்டுகளை மடித்து டெய்லர் கைக்கு நீட்ட வேண்டும். மாலையில் கேட்டைத் தாண்டும்போது எல்லாருடைய சாப்பாட்டு டப்பாவையும் திறந்து பார்ப்பார்கள். தெற்கத்திக்காரர்களின் டப்பா என்றால் மூடியைத் திருப்பி அடிப்பக்கத்தையும் பார்ப்பார்கள். யாரும் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. "கொஞ்சம் தெறந்து காட்டுங்க அம்மிணி" என்று மரியாதையாகத்தான் கேட்பார்கள். மரியாதையாகவும் ஒருவரைச் சந்தேகப்பட முடியும் என்பதை அவள் அந்தக் கேட்டில்தான் கற்றாள். பதிலுக்கு அவளும் எல்லாரையும் சந்தேகப்பட்டாள். அதில் அவளுக்கு ஒரு நிம்மதியும் இருந்தது.

பிறகு அவள் சேர்ந்தது ஆறுச்சாமியின் கம்பெனியில், செக்கிங் மேசையில். முடிந்த பனியனை அளந்து, அளவில் இல்லாததை ஒதுக்குவது வேலை. ஒரு வாரம் முழுக்க ஒரே மேசையில் இருந்து ஒதுக்கப்பட்ட பீஸ்கள் வந்துகொண்டே இருந்தன. எல்லாரும் டெய்லரைத் திட்டினார்கள். அனுசுயா அந்த மேசையின் அளவு நாடாவை வாங்கித் தன்னுடையதோடு சேர்த்துத் தரையில் விரித்தாள். வருஷக்கணக்காக இழுபட்ட நாடா அரை சென்டிமீட்டர் நீண்டிருந்தது. ஆறுச்சாமி அதைக் குனிந்து பார்த்தார். "டேப்பையே சந்தேகப்படுவீங்களா அம்மிணி?" என்றார். அடுத்த மாதம் அவளை மாடி அலுவலகத்துக்கு ஏற்றிவிட்டார். கம்பெனியின் அளவு அட்டைகள், அவர்கள் பேச்சில் 'சார்ட்', எல்லாம் அவள் பொறுப்பு.

அளவு அட்டையில் இரண்டு வரிசை எண்கள் இருக்கும். ஒன்று, வெளிநாட்டுக்காரர் கேட்கிற அளவு. மற்றது, கீழே கட்டிங் மேசையில் துணியை வெட்ட வேண்டிய அளவு. பின்னல் துணி தண்ணீர் பட்டால் சுருங்கும், மடித்துத் தைப்பதிலும் கொஞ்சம் போகும். ஆகவே எழுபது கேட்டால் எழுபத்துநாலு வெட்ட வேண்டும். அந்த நாலு எங்கிருந்து வருகிறது என்று அறியாதவர் கண்ணுக்கு இரண்டு வரிசையும் ஒத்துப்போகாத கணக்குப் போலத் தெரியும்.

இரண்டாயிரத்து ஆறில், காசு கொடுக்காமல் விண்டோஸ் போட்டிருந்த ஒரு கம்பெனிக்கு வக்கீல் நோட்டீஸ் வந்ததாக ஒரு பேச்சு அடிபட்டது. ஆறுச்சாமி பயந்துபோய் நஸ்ருதீனைக் கூப்பிட்டார். ஸ்கூட்டரில் பை நிறையக் கேபிள் வைத்துக்கொண்டு கம்பெனி கம்பெனியாகப் போகும் கணினிக்காரன் அவன். மாடியில் இருந்த ஒரே கணினியில் விண்டோஸுக்குப் பதிலாக, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸை ஏற்றினான். முதலாளிக்கு ஒன்று, அனுசுயாவுக்கு ஒன்று, கட்டிங் மாஸ்டர் வேலுமணிக்கு ஒன்று என்று மூன்று நுழைவுப் பெயர்கள் கொடுத்தான். அனுசுயாவின் பெயர் 'அனு'. அளவு அட்டைகள் முழுக்க அதே பெட்டிக்குள் இன்னொரு டிஸ்க்கில் இருந்தன. விண்டோஸ் காலத்து டிஸ்க். ஏழு வருஷத்து அட்டைகள். அதைக் கலைக்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. இருந்தபடியே இணைத்துவிட்டான்.

முதல் நாள் அனுசுயா ஒரு எண்ணைத் திருத்திச் சேமிக்கப் போனாள். அனுமதி இல்லை என்று வந்தது.

"என்ன பாய் இது? எஞ்சார்ட்டுல நான் எழுதக் கூடாதா?"

"அது ஒண்ணுமில்லீங்க்கா. லினக்ஸ்ல ஒரு டிஸ்க்கச் சேக்கறப்பவே யாரு எழுதலாம்னு சொல்லிப்போடணும். சொல்லலீன்னா படிக்க மட்டுந்தான் விடும்."

"யாருகிட்டச் சொல்லணும்?"

"இதுகிட்டத்தான்" என்று பெட்டியைத் தட்டினான். ஏதோ ஒரு கோப்பைத் திறந்து ஒரு வரியில் என்னவோ சேர்த்தான். அதன் பிறகு எழுத முடிந்தது. என்ன சேர்த்தான் என்று அவள் கேட்கவில்லை. தன் வேலை நடந்துவிட்டது என்பதால் கேட்காமல் விட்டது அது ஒன்றுதான் என்று பின்னால் பலமுறை நினைத்துக்கொண்டாள்.

ஒரு வருஷம் அப்படியே ஓடியது. மற்ற இருவரும் அட்டைகளைப் படிக்கலாம், அச்சிடலாம். எழுதுவது அவள் மட்டும். அடுத்த ஆண்டு ஆனியில் தங்கை மகள் காதுகுத்துக்கு அவள் ஊருக்குப் போயிருந்த அன்று, வெளிநாட்டுக்காரர் கைநீளத்தை மாற்றிச் சொல்லிவிட்டார். அட்டையில் மாற்ற ஆளில்லை. கட்டிங் அரை நாள் நின்றது. திரும்பி வந்தபோது வேலுமணி மாடிப்படியிலேயே நின்றிருந்தார். அவிநாசிபாளையத்துக்காரர், இருபது வருஷமாகக் கத்தி பிடித்த கை.

"வாங்க அம்மிணி. சார்ட்டுக்குப் பூட்டுப் போட்டுச் சாவிய இடுப்புல சொருகிட்டு ஊருக்குப் போயிட்டீங்களாட்ட இருக்குது?"

"நானா பூட்டுனேன்? மிசினு பூட்டுனுச்சு."

"மிசினுக்கு நீங்கன்னாத்தான் ஆகுதுங்க. எங்களையெல்லாம் கண்டா ஆகறதில்ல."

அன்றே முதலாளி நஸ்ருதீனுக்குப் போன் போட்டார். இனி எல்லாரும் எழுதலாம் என்று ஆயிற்று. நஸ்ருதீன் கால் மணி நேரத்தில் செய்துவிட்டுப் போனான். அனுசுயாவுக்கு அது பிடிக்கவில்லை. தன் நாற்காலியைத்தான் யாரோ அளக்கிறார்கள் என்று நினைத்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கீழே வேனுக்குப் போய் முனீஸிடம் சொன்னாள்.

"எல்லாரும் எழுதலாமாம்."

"எழுதட்டுமே. ஒனக்கு வேல கொறையும்ல?"

"வேல கொறைஞ்சா ஆளையும் கொறைப்பாக."

"ஒனக்கு நல்ல சேதியே வராதாடி?" என்று அவன் சோற்றைப் பிசைந்தான். அவளும் யோசித்துப் பார்த்தாள். அப்படி ஒன்று வந்ததாக நினைவில்லை.

மூன்று மாதம் கழித்து, புரட்டாசியில், அவள் பயந்தது வேறு வழியில் வந்தது. ஒரு பெரிய ஆர்டரில் எல் சைஸ் மட்டும் இரண்டாயிரத்து எண்ணூறு பீஸ் வெட்டித் தைத்து, துவைத்துச் செக்கிங்குக்கு வந்தது. எல்லாமே நீளத்தில் நாலு சென்டிமீட்டர் குட்டை. ஆறுச்சாமி மாடிக்கு வந்து அனுசுயாவையும் வேலுமணியையும் கணினி முன்னால் நிறுத்தினார். அவர் குரலை உயர்த்துகிற மனிதர் அல்ல. கோபம் வந்தால் இன்னும் மரியாதை கூடும்.

"எல் சைஸ் பாடி லெங்த் எத்தனைங்க அம்மிணி?"

"எழுவதுங்க."

"கட்டிங் லெங்த்?"

அவள் பார்த்தாள். அதுவும் எழுபது. மற்ற எல்லா சைஸுக்கும் இரண்டு வரிசையும் வேறுவேறாகத்தான் இருந்தன. எல் சைஸில் மட்டும் அந்த நாலைக் காணோம்.

"நான் எழுவத்துநாலுதான் போட்டேன் மொதலாளி. சாம்பிள் சரியா வந்துச்சுல்ல? இதே சார்ட்ட வச்சுத்தான சாம்பிள் வெட்டுனாக?"

"சாம்பிள் ரெண்டு மாசத்துக்கு முன்னாலீங்க." அவர் வேலுமணி பக்கம் திரும்பினார். "ஏனுங்க மாஸ்டர், நாலு செண்டி கொறையறது உங்க கண்ணுக்குத் தெரியலீங்களா?"

"தெரிஞ்சுதுங்க. ஆனா கண்ணுல பாத்து வெட்டாதீங்க, சார்ட்டப் பாத்து வெட்டுங்கன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க? துணி காம்பேக்டிங் பண்ணி, முன்னாலயே சுருக்கி வந்துது. இனிச் சுருங்காதுன்னு அம்மிணி கொறைச்சிருப்பாங்கன்னு நெனைச்சுப்போட்டேன்."

"மாத்துனது யாருன்னு பாத்துப்போடலாம்" என்று முதலாளி கோப்பின் விவரத்தைத் திறந்தார். அதை எப்படிப் பார்ப்பது என்று நஸ்ருதீன் எப்போதோ சொல்லித் தந்திருந்தான். அதில் இரண்டு செய்திகள் இருந்தன. கடைசியாக மாற்றிய நேரம்: போன வாரம் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது பன்னிரண்டு. உரிமையாளர்: அனு.

அனுசுயா வேலுமணி பக்கம் கையை நீட்டினாள்.

"போன வாரம் செவ்வாக்கெழம காலைல மேல வந்து பிரிண்ட் எடுத்தது இவருதான். நான் அன்னைக்குப் பத்து மணிக்குத்தான் வந்தேன், முனீசுக்குக் காய்ச்சல்."

"நேரம் என்னுதாவே இருக்கட்டும்ங்க" என்றார் வேலுமணி. "பேரு உங்க பேரு. எம்பேரு எங்கீங்க இருக்குது?" பிறகு, அவளைப் பார்க்காமல் முதலாளியிடம் சொன்னார்: "தெக்கத்தியாளுக செஞ்சுபோட்டுச் செய்யலேன்னு சாதிப்பாங்க. நம்மளுக்கு அது வராதுங்க."

ஆறுச்சாமி அதற்கு ஆமாம் என்றும் சொல்லவில்லை, அப்படிப் பேசாதீர்கள் என்றும் சொல்லவில்லை. "சனிக்கெழமைக்குள்ள ரெண்டு பேர்ல ஒருத்தரு இங்கிருந்து போகோணும். யாருன்னு நீங்களே பேசி வந்து சொன்னாலும் செரி, நானே சொன்னாலும் செரி" என்று எழுந்து போனார். எழும்போதும் அவர் கண் அந்தத் திரையிலிருந்த பெயர் மேல்தான் இருந்தது.

போவது யார் என்பதில் அனுசுயாவுக்குச் சந்தேகமில்லை. போனால் வேறு கம்பெனியில் கைமடி வேலை கிடைக்கும். அளவு பார்க்கிற வேலை கிடைக்காது. டீக்கடைக்கு டீக்கடை பேச்சு போய்விடும்: அளவை மாற்றிவிட்டுப் பெயரோடு மாட்டிய பொம்பளை. பதினான்கு வருஷத்தில் அவள் சேர்த்தது வேறு எதுவும் இல்லை, அவள் சொன்ன அளவு சரியாக இருக்கும் என்கிற பெயர் ஒன்றுதான்.

அடுத்த நாள் காலையில் அந்த டிஸ்க்கில் இருந்த மற்றக் கோப்புகளின் விவரத்தைத் திறந்து திறந்து பார்த்தாள். எதற்கென்று அவளுக்கே தெரியாது. எல்லாவற்றிலும் உரிமையாளர்: அனு. தொண்ணூற்றொன்பதில் போட்ட அட்டையிலும் அனு. அப்போது அவள் கீழே செக்கிங் மேசையில் இருந்தாள். கணினியைத் தொட்டதுகூடக் கிடையாது. ஒரு கோப்பில் தன் பெயரைப் பார்த்து நடுங்கியவளுக்கு, எல்லாக் கோப்பிலும் அதையே பார்த்ததும் நடுக்கம் நின்று கோபம் வந்தது. நஸ்ருதீனுக்குப் போன் போட்டாள். வந்ததும் நாற்காலியைக்கூடக் காட்டவில்லை.

"பாய், இந்தப் பேரு எம்பேருன்னு இதுக்கு யாரு சொன்னா?"

அவன் திரையைப் பார்த்தான். "அது அப்படித்தானுங்க்கா காட்டும்."

"எப்படிக் காட்டும்னு கேக்கல. யாரு சொன்னான்னு கேக்குறேன்."

அவன் பையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினான். கதவு திறந்திருக்கிறதா என்று பார்த்தான். இவன் வாயைத் திறக்கமாட்டான், இந்தக் கம்பெனியின் வேலை கையை விட்டுப் போய்விடும் என்று மழுப்புவான் என்று அவள் முடிவு கட்டியிருந்தபோது, "நான்தான் சொன்னேன்" என்றான்.

பிறகு விளக்கினான். அந்தப் பழைய டிஸ்க்கில், எந்தக் கோப்பை யார் எழுதினார் என்று குறித்துவைக்க இடமே கிடையாது. விண்டோஸ் அப்படித்தான் அதை ஃபார்மேட் செய்திருந்தது. லினக்ஸோ, ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் உரிமையாளர் பெயர் வேண்டும் என்று கேட்கும். ஆகவே டிஸ்க்கை இணைக்கும்போது, இதிலுள்ளது அத்தனையும் இன்னார் பெயரில் என்று ஒரு வரியில் சொல்லிவிடுவார்கள். அவள்தான் எழுதப்போகிறவள் என்பதால் 'அனு' என்று போட்டான். பிறகு எல்லாரும் எழுதட்டும் என்று முதலாளி சொன்னபோது, தடைகளை எல்லாம் எடுத்துவிட்டான். பெயரை மாற்ற வேண்டும் என்று தோன்றவில்லை.

"அப்ப யாரு எழுதுனாலும் எம்பேரு வரும்?"

"யாரு எழுதுனாலும்."

"இத மொதலாளி முன்னால சொல்லுவியா?"

"சொல்றனுங்க்கா." கொஞ்சம் நிறுத்தி, "சொன்னா நம்புவாருங்களா?" என்றான்.

நம்பமாட்டார் என்று அவளுக்குத் தெரியும். அவளாக இருந்தாலும் நம்பமாட்டாள்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணி டீ வந்து போன பிறகு ஆறுச்சாமியை மாடிக்கு அழைத்தாள். வேலுமணியும் வந்தார். நஸ்ருதீன் பேச வாயெடுத்தபோது அவனைக் கையமர்த்தினாள்.

"மொதலாளி, ஒங்க பேர்லயே உள்ள போங்க. பாஸ்வேர்டு நீங்களே போடுங்க, நாங்க அங்கிட்டுத் திரும்பிக்கிறோம்."

அவர் போட்டார்.

"அளவு டிஸ்க்குல புதுசா ஒரு கோப்பு தொறந்து, என்னமாச்சும் ஒரு நம்பர் போட்டு மூடுங்க."

ஒற்றை விரலால் ஏதோ எண்ணைத் தட்டிச் சேமித்தார்.

"இப்ப அது யாரு பேர்ல இருக்குன்னு பாருங்க."

பார்த்தார். அனு. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். பிறகு, யாரும் சொல்லாமலே, தன் சொந்த அடைவில், அதாவது ஃபோல்டரில், ஒரு கோப்பை உண்டாக்கிப் பார்த்தார். அதில் அவர் பெயர் இருந்தது. திரும்ப அளவு டிஸ்க்கில் இன்னொன்று. அனு. மூன்று தடவை செய்து பார்த்தார். தன்னைப் போலவே ஒரு மனிதர் என்று அந்த ஒரு நிமிஷம் அனுசுயாவுக்குத் தோன்றியது.

"நான் எழுதுனது உங்க பேர்ல வருதுங்க."

"ஆமாங்க."

"அப்ப அந்தப் பேருல ஒண்ணும் இல்ல." அவர் மெதுவாக நாற்காலியைத் திருப்பினார். "அப்ப மிச்சம் இருக்கறது நேரந்தானுங்களே மாஸ்டர்? அந்த நேரத்துல இங்க உக்காந்திருந்தது நீங்கதானுங்க?"

வேலுமணியின் முகம் மாறியது. "பிரிண்ட் எடுத்தனுங்க. எடுத்துப்போட்டு மூடுனேன். சாமி சத்தியமா ஒரு நம்பரையும் தொடலீங்க."

"தொடாம நேரம் எப்படிங்க மாறும்?"

"எனக்கென்னுங்க தெரியும்? அது என்னமோ கேட்டுது. ஆமான்னு அமுக்கினேன்."

"என்ன கேட்டுது?"

"இங்கிலீசுல கேட்டுதுங்க."

அனுசுயாவுக்கு அது என்ன கேட்டது என்று தெரியும். அட்டைகளைத் திறக்கும் அந்த நிரலில் ஓர் அட்டையை அச்சிட்டுவிட்டு மூடினால், ஓர் எழுத்தைக்கூடத் தொடாவிட்டாலும், மாற்றங்களைச் சேமிக்கவா என்று கேட்கும். அச்சிட்டதையே ஒரு மாற்றமாக அது கணக்கில் வைத்திருந்தது. எல்லாரும் ஆமாம் என்று அழுத்துவார்கள், அவளும் அழுத்துவாள். அழுத்தியதும் நேரம் புதிதாகிவிடும். உண்மையில் எண்ணை மாற்றியவன் எந்த நாளில் மாற்றியிருந்தாலும், அந்த நாள் அழிந்து வேலுமணியின் செவ்வாய்க்கிழமை அதன் மேல் உட்கார்ந்திருக்கும்.

இதைச் சொல்ல வேண்டியதில்லை. அவள் பிழைத்துவிட்டாள். தெற்கத்தியாள் என்று சொன்ன வாய் இப்போது உலர்ந்துபோய் நின்றது. தவிர, அவர் செய்யவில்லை என்று அவளுக்கு எந்த நம்பிக்கையும் இல்லை. செய்திருக்கலாம். துணி இனிச் சுருங்காது என்று நினைத்தவர், அந்த நினைப்பில் எண்ணையும் குறைத்திருக்கலாம். இருபது வருஷக் கத்திக்காரருக்கு அப்படியொரு திமிர் இருக்கக்கூடியதுதான். அப்படி என்றால் பேசாமல் இருப்பது பொய்யும் ஆகாது. அவள் கடைக்கண்ணால் நஸ்ருதீனைப் பார்த்தாள். அவனுக்கும் தெரியும். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தன் பிழையை யாரும் கேட்காமல் விட்டதே போதும் என்று இருந்தவனுக்கு, அதற்கு மேல் பேசத் துணிச்சல் இல்லை.

அவளைப் பேசவைத்தது இரக்கமல்ல. பொய்யான ஒரு சாட்சியை வைத்துத் தன்னை இரண்டு நாள் வதைத்தார்கள். இப்போது இன்னொரு பொய்ச் சாட்சி தனக்குச் சாதகமாக நிற்கிறது. முன்னதைச் சந்தேகப்பட்டவள் பின்னதை மட்டும் நம்புவதாக நடித்தால், தான் இத்தனை நாள் சந்தேகப்பட்டதற்கெல்லாம் தன்னலம் என்றுதான் பெயர். அது அவளுக்குப் பொறுக்கவில்லை.

"மொதலாளி, அந்த நேரமும் சொல்லாது."

"என்னுங்க?"

"நீங்க இப்ப ஏதாச்சும் ஒரு பழைய சார்ட்டத் தொறந்து பிரிண்ட் எடுங்க. எதையும் தொடாதீக. மூடுறப்ப கேக்கும். ஆமான்னு அமுக்குங்க. பெறகு நேரத்தப் பாருங்க."

ஆறுச்சாமி செய்தார். அச்சு இயந்திரம் முனகி ஒரு தாளைத் துப்பியது. நாலு வருஷத்துக்கு முந்தைய அட்டை, மாற்றிய நேரம்: இன்று, பதினொன்று நாற்பது.

வேலுமணி அவளைப் பார்த்தார். நன்றி மாதிரி இல்லை அந்தப் பார்வை. இதில் வேறு என்ன கணக்கு என்று தேடுகிற பார்வை.

"அப்ப மாஸ்டர் பண்ணலீங்கறீங்க?" என்றார் முதலாளி.

"அப்படிச் சொல்லல. பண்ணிருக்கலாம். இத வச்சுப் பண்ணுனாருன்னு சொல்ல முடியாதுன்னு சொல்றேன்."

"அப்ப நீங்க?"

அந்தச் செவ்வாய்க்கு முந்தின சனிக்கிழமை அதே அட்டையில் அவள் ஒரு பெரிய சைஸைப் புதிதாகச் சேர்த்திருந்தாள். பக்கத்து வரிசையிலிருந்து நகலெடுத்துத்தான் ஒட்டினாள். ஒட்டும்போது ஒரு கட்டம் தள்ளி ஒட்டியிருந்தால்? ஒட்டவில்லை என்று சத்தியம் செய்யும் அளவுக்கு அவளுக்கு நினைவில்லை.

"நானும் பண்ணிருக்கலாங்க. அதுக்கு முந்துன சனிக்கெழம தொறந்தேன். பண்ணலேன்னுதான் நெனைக்கிறேன். நெனைக்கிறதுக்கு மேல தெரியாது."

"என்னுங்க இது? ரெண்டு பேரும் பண்ணலாங்கறீங்க, ரெண்டு பேரும் பண்ணலீங்கறீங்க!" ஆறுச்சாமி மேசை மேல் கையை வைத்தார். பிறகு, யாரும் கேட்காமல், தாழ்ந்த குரலில் சொன்னார்: "நானுந்தான் அதுக்கு மறுநா, ஞாயித்துக்கெழம தொறந்தேன். எல் சைஸ் எத்தனைன்னு போன்ல கேட்டாங்க. பாத்துச் சொல்லிப்போட்டு மூடிட்டேன்."

பார்க்கும்போது விரல் எதன் மேல் பட்டது, மூடும்போது எதை அழுத்தினார் என்று யாரும் கேட்கவில்லை. அனுசுயா கேட்டிருப்பாள். அவர் முதலாளி என்பதால் கேட்கவில்லை. தன்னுடைய அந்த மௌனத்தையும் அவள் குறித்துக்கொண்டாள்.

யாரும் போக வேண்டாம் என்று ஆயிற்று. குட்டையான பீஸ்களை ஒரு சைஸ் கீழே இறக்க முடியுமா என்று பேச்சு வேறு பக்கம் திரும்பியது. எழுந்திருக்கும்போது ஆறுச்சாமி நஸ்ருதீனிடம், "பழையபடி அம்மிணி மட்டும் எழுதற மாதிரி வெச்சுப்போடுங்க. தலவலி விட்டுது" என்றார்.

"வேண்டாம்ங்க" என்றாள் அனுசுயா.

"ஏனுங்க? உங்களுக்குத்தான நல்லது?"

"அப்படி வச்சா எந்தத் தப்பும் நாந்தான். ஊருக்குப் போனா கட்டிங் நிக்கும். நின்னா அதுவும் நாந்தான். எல்லாரும் எழுதட்டும். ஆனா அவுகவுக எழுதுனது அவுகவுக பேர்ல நிக்கட்டும். அப்படி ஒண்ணு இருக்கா பாய்?"

நஸ்ருதீன் தலையைச் சொறிந்தான். கோப்புகளை வேறொரு டிஸ்க்கில் எடுத்து வைத்துவிட்டு, இதை லினக்ஸின் சொந்த முறைப்படி புதிதாக ஃபார்மேட் செய்தால் பெயர் குறிக்க இடம் வந்துவிடும் என்றான். ஆனால் அதிலும் ஒன்று இருக்கிறது: முதலில் உண்டாக்கியவர் பெயர்தான் நிற்கும்; அதே கோப்பைப் பிறகு திருத்தியவர் பெயர் நிற்காது.

"அப்ப அடுத்தவுக கோப்பத் திருத்தவே விடக் கூடாது. படிக்கலாம். தப்புன்னு தோணுனா பக்கத்துலயே தம்பேர்ல புதுசா ஒண்ணு போடட்டும். பழச அழிக்கவும் முடியாம இருக்கணும்."

"அது முடியுமுங்க்கா" என்றான், கொஞ்சம் ஆச்சரியத்தோடு. "எல்லாருக்கும் பொதுவான அடைவு. யாரு வேண்ணாலும் உள்ள வெக்கலாம். வெச்சவங்கதான் எடுக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து செய்தான். பழைய அட்டைகள் எல்லாம் திரும்பி வந்தபோது அவற்றின் மேல் அனு என்ற பெயர் இல்லை. கணினி நிர்வாகியின் பெயர் இருந்தது. யார் எழுதியவை என்று இனி எப்போதும் தெரியாது. எல்லாவற்றையும் ஒருமுறை தன் கண்ணால் சரிபார்க்க அனுசுயாவுக்கு இரண்டு மாதம் ஆயிற்று. ஆறு தப்பு கண்டுபிடித்தாள். அவற்றில் நான்கு, தன்னைத் தவிர வேறு யாரும் எழுதியிருக்க முடியாத வருஷத்தவை. அதை அவள் முனீஸிடம்கூடச் சொல்லவில்லை.

வேலுமணி ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. பிறகு ஒரு நாள் டீ நேரத்தில் மாடிக்கு வந்து கதவருகே நின்றார்.

"அம்மிணி, ஒண்ணு கேக்கோணும். எம்மேல சந்தேகம் இன்னும் இருக்குதுங்களா?"

"இருக்குண்ணே."

"அப்பறம் எதுக்குங்க அன்னைக்கு அப்படிச் சொன்னீங்க?"

"சந்தேகம் இருக்கு. சாட்சி இல்லையே."

அவர் டம்ளரை ஒரு சுற்றுச் சுற்றினார். "எனக்கும் உங்க மேல இருக்குதுங்க."

"இருக்கட்டும். தெக்கத்தியாளுகன்னு சொன்னீகல்ல? அதுவும் எனக்கு மறக்கல."

"அது..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

ஐப்பசியில் ஒரு புது ஆர்டருக்கு அவள் அட்டை போட்டாள். மறுநாள் அந்த அடைவைத் திறந்தபோது அவளுடையதற்குப் பக்கத்தில் இன்னொன்று இருந்தது. உரிமையாளர்: வேலுமணி. ஒரே ஓர் எண்தான் வேறு. எல் சைஸ் நீளத்துக்கு அவள் எழுபத்துநாலு என்று போட்டிருந்தாள், அவர் எழுபத்தைந்து. இரண்டையும் அச்சிட்டு எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். கட்டிங் மேசையில் துணியை அடுக்கடுக்காக விரித்துக்கொண்டிருந்தவர் தூரத்திலேயே பார்த்துவிட்டார்.

"வந்துட்டாங்கடா! என்னுங்க அம்மிணி, இன்னைக்கு யாரு மேல கேசு?"

"ஒங்க மேலதான். ஒண்ணு எதுக்குக் கூட்டுனீக?"

"துணி லாட்டு புதுசுங்க. தொட்டாலே தெரியுது, லூசா இருக்குது. கூடச் சுருங்கும்."

"கழுவிப் பாத்தீகளா?"

"பாத்தனுங்க. ஒண்ணு கூட வேணும்."

"எனக்கும் ஒரு துண்டு வெட்டிக் குடுங்க. நானும் கழுவிப் பாக்குறேன்."

"நாஞ் சொன்னா நம்பமாட்டீங்களா?"

அவள் கையை நீட்டினாள். வேலுமணி முகத்தைச் சுளித்துக்கொண்டே கத்தியை எடுத்து, துணியின் ஓரத்திலிருந்து அல்ல, சுருக்கம் சரியாகத் தெரிகிற நடுவிலிருந்து, நாலு பக்கமும் பிசகாமல் ஒரு சதுரம் வெட்டிக் கொடுத்தார்.